சாத்தானுக்குப் படைத்த குடமிளகாய்

ஹோரியா: முடிய முடிஞ்சுக்கட்டுமா, விரிச்சே விட்டுடட்டுமா?

டிபி: முடிஞ்சுக்கோடா. எத்தன தடவ கேப்ப?

ஹோரியா: முடிஞ்சா எதையோ மறைக்கிற மாதிரி இருக்கு. விரிச்சா டிவியில வந்த மாதிரியே இருக்கு.

டிபி: அப்ப மொட்ட அடிச்சுக்க. பங்குச் சாமி வீட்டுக் கதவு இன்னும் மூடித்தான் இருக்கு. நேரம் இருக்கு.

ஹோரியா: சிரிக்காத டிபி. எனக்குப் பயமா இருக்கு.

டிபி: உனக்கா? ‘ஹோரியா, முப்பத்து நாலு வயது, இருளின் அடியார்’னு போட்டாங்களே... உனக்குப் பயம் வரலாமா?

ஹோரியா: அத நான் எழுதல. அவங்களா எழுதினது.

டிபி: எனக்கு என்ன போட்டாங்க தெரியுமா?

ஹோரியா: தெரியும்டா. மூணு வாரமா அதையேதான் சொல்லிட்டிருக்க.

டிபி: ‘நண்பர்’. வெறும் நண்பர். பாட்டு எழுதறவன் நான், கிட்டார் அடிக்கிறவன் நான், பேண்டுக்குப் பேரு வெச்சவன் நான். கீழ எழுத்துல வெறும் ‘நண்பர்’. என்னவோ உன்கூட மாவரைக்கற மில்லுக்கு வந்தவன் மாதிரி.

ஹோரியா: அந்த டிவிக்கு ஒரு கடுதாசி எழுதினியே, கண்டிச்சு. போட்டியா?

டிபி: ...இன்னும் இல்ல.

ஹோரியா: நாலு பக்கம் எழுதின. எனக்குப் படிச்சே காமிச்ச. ‘எங்கள் மெட்டல் இனத்தையே இழிவு செய்துவிட்டீர்கள்’னு ஆரம்பிக்கும்.

டிபி: ஸ்டாம்ப் வாங்கணும்.

ஹோரியா: தபால் ஆபீஸ் உன் வீட்டுக்குக் கீழதானடா இருக்கு.

டிபி: வாங்கறேன்னு சொல்றேன்ல... நீ உன் விசுவாசப் பிரமாணத்தச் சொல்லிப் பாரு. சாமி முதல்ல அதத்தான் கேப்பாரு. ஞாயித்துக்கிழம ஞானஸ்நானத்துல என் பொண்ணக் கையில வெச்சுக்கிட்டு, ஞானத்தகப்பனா நீதான் சொல்லணும்.

ஹோரியா: ஞாயித்துக்கிழம நான்தானா, இல்ல உன் மச்சினனான்னு இன்னிக்குத்தானே தெரியும்.

டிபி: அவன் பேச்ச எடுக்காத.

ஹோரியா: வெள்ளக் கோட்டு. அதே டிவி, அதே வாரம் அவன் பாட்டு. கடற்கர, புறா, மெழுகுவத்தி... காஸ்மின் கண்ண மூடிப் பாடறான், பாக்கற பொம்பளைங்கெல்லாம் சிலுவ போட்டுக்கறாங்க. அவனும் நம்ம மாதிரி கல்யாணத்துல வாசிக்கறவன்தானே?

டிபி: அவனுக்கு என் பொண்ணு பேரு கூடத் தெரியாது. போன வாரம் ‘குட்டி இரினா’ன்னு கொஞ்சறான். இலிங்கான்னு என் பொண்டாட்டி ஸ்மராண்டா ரெண்டு தடவ சொல்லியும் இரினாதான்.

ஹோரியா: ஆனா அவன் கையில புறா இருக்கு. என் கையில என்ன இருந்துச்சு?

டிபி: ...கத்தி.

ஹோரியா: கத்தி. குடமிளகா உரிக்கற கத்தி.

டிபி: அதச் சொல்லலியே அவங்க.

ஹோரியா: கை முட்டி வரைக்கும் செவப்பு. பின்னாடி நெருப்பு. கருப்புச் சட்ட. நடுவுல இத்தாம் பெரிய கொப்பர, கொதிக்குது. அத அப்படியே மெதுவா ஓட விட்டு, இடிச் சத்தத்த வேற சேத்து... நானே பயந்துட்டேன்டா. யாரு இவன், நம்ம காலனிக்குள்ள எப்படி வந்தான்னு.

டிபி: குளிர்காலத்துக்கு ஸகுஸ்காத் தொக்கு கிண்டாத வீடு இந்த ஊர்ல ஏதுடா? செப்டம்பர் வந்தா ஒவ்வொரு பிளாக்குக்குப் பின்னாலயும் தகரத்தப் போட்டுக் கத்திரிக்காயும் மிளகாயும் சுடறோம். போலீஸ்காரன் சுடறான், வாத்தியார் சுடறாரு. நம்ம சுட்டா மட்டும் பூசையா?

ஹோரியா: போலீஸ்காரன் மண்டையோடு போட்ட சட்டையில சுடலியே.

டிபி: கறபடற வேலைக்குப் பழைய சட்டதானே போடுவோம்! நம்மகிட்ட இருக்கற பழைய சட்டயெல்லாம் மண்டையோடு. அதுக்கு நாம என்ன பண்றது?

ஹோரியா: பூப்போட்ட சட்ட ஒண்ணாவது வாங்கியிருக்கலாம்.

டிபி: இப்பச் சொல்லு.

ஹோரியா: நியாயமா யோசிச்சுப் பாரு. நம்ம கேசட்டு அட்டயில என்ன படம்?

டிபி: அது வேற விஷயம்.

ஹோரியா: ஆடு. உன் பெரியம்மாவோட ஆடு. கொம்புக்குக் கரி பூசி, சுடுகாட்டுக் கேட்டுல கட்டி வெச்சுப் படம் புடிச்சோம். அது பாட்டுக்கு நின்னு பாட்டு எழுதின தாளத் தின்னுச்சு.

டிபி: ரெண்டாவது பாட்டு சின்னதானது அதனாலதான்.

ஹோரியா: நாமளே பதினஞ்சு வருஷமா பேய் வேஷம் போட்டுட்டு, ஒருத்தன் வந்து ‘பேய்’னு சொன்னதும் நாலு பக்கம் கடுதாசி எழுதறோம்.

டிபி: வேஷம் நம்மளது. நம்மதான் போடணும். அவன் போடக்கூடாது.

ஹோரியா: ...அது சரிதான்.

டிபி: ரெண்டு மணி நேரம் பேசினோம், பேட்டி எடுத்த அந்தப் பொண்ணுகிட்ட. பழைய காலத்துல ஒரு கேசட்ட எட்டுப் பேரு மாத்தி மாத்திப் பதிவு பண்ணிக் கேட்டத சொன்னேன். ரேடியோவப் பிரிச்சு நானே ஆம்ப் செஞ்சத சொன்னேன். எதாவது வந்துச்சா?

ஹோரியா: நீ பேசறப்ப உன் வாயத்தான் காமிச்சாங்க. சத்தம் காஸ்மின் பாட்டு விளம்பரத்துக்குப் போயிடுச்சு.

டிபி: சிரிக்காதீங்கன்னு வேற சொன்னாங்க.

ஹோரியா: அதுதான்டா எனக்கு ரொம்ப வருத்தம். முன்பல்லு புதுசா நானே எனக்குக் கட்டியிருந்தேன். பல்லு கட்டறவனுக்கு அத விட வேற விளம்பரம் ஏது? சிரிக்க விடல.

டிபி: யாவாரம் எப்படிப் போகுது?

ஹோரியா: மூணாம் மாடி நிக்குலாய் தாத்தா போன செவ்வாக்கிழம பல்லு செட் வாங்கிட்டுப் போனாரு. நேரா வீட்டுக்குப் போகல. கோயிலுக்குப் போயி தீர்த்தம் தெளிச்சுதான் வாயில போட்டுக்கிட்டாராம்.

டிபி: பொருந்துச்சா?

ஹோரியா: கச்சிதமா பொருந்துச்சாம். தீர்த்தத்தாலதான்னு சொல்லிட்டிருக்காரு.

டிபி: ...சிரிக்கலாமா கூடாதா?

ஹோரியா: சிரி. எனக்கே ரெண்டு நாள் கழிச்சுச் சிரிப்பு வந்துச்சு... டேய், அந்தப் பையக் கீழ வையேன். வந்ததுலேர்ந்து மடியிலயே புடிச்சுக்கிட்டு இருக்க. என்ன அது?

டிபி: சாமிக்கு ஒரு ஜாடி. நம்ம ஸகுஸ்கா. தின்னு பாத்தாராவது நம்புவாரு.

ஹோரியா: ஜாடிக்கு எப்படா மூல வந்துச்சு? சதுரமா துருத்திக்கிட்டு நிக்குது.

டிபி: டப்பாவுல வெச்சிருக்கேன். உடையாம இருக்க. நீ பிரமாணத்தச் சொல்லு, பேச்ச மாத்தாத.

ஹோரியா: வரலடா. நாலாவது வரி வரைக்கும் வந்து நிக்குது. பதினோரு ஆல்பம் பாட்டு முழுசா தலைக்குள்ள இருக்கு, மூச்சு விடற எடம் கூட மறக்கல. இது மட்டும் நாலாவது வரியில வண்டி நின்னுடுது.

டிபி: மெட்டோட சொல்லேன்.

ஹோரியா: எந்த மெட்டோட?

டிபி: நம்ம... அந்த மெதுவான பாட்டு. அதுல போட்டா உனக்கு நல்லா வரும். ரொம்ப நல்லா பாடுவ.

ஹோரியா: அந்த மெட்டுல நான் பிரமாணம் பாடினது உனக்கு எப்படிடா தெரியும்?

டிபி: எந்த மெட்டுல?

ஹோரியா: டிபி.

டிபி: தெரியாது. சும்மா சொன்னேன். மெதுவான பாட்டுன்னா அதானே இருக்கு நமக்கு.

ஹோரியா: நான் அதுல பாடித்தான் மனப்பாடம் பண்ணேன். ஆனா யார் முன்னாலயும் பாடினதில்ல... இலிங்கா முன்னால மட்டும் ஒரு தடவ. நீங்கெல்லாம் ரொட்டியத் தொட்டுத் தின்னுட்டிருந்தீங்க, அன்னிக்கு.

டிபி: ம்.

ஹோரியா: தள்ளுவண்டிக்குள்ள சிணுங்கிட்டே இருந்துச்சு. ஸ்மராண்டா மாடிக்குப் போயிருந்தா. காலால வண்டிய ஆட்டிக்கிட்டே அடித் தொண்டையில பாடினேன். தூங்கிடுச்சு. மத்தவங்க தாலாட்டுக்கு அழுவுற கொழந்த, என் கரகரக் கொரலுக்குத் தூங்குது. என்ன ரசனையோ.

டிபி: என் பொண்ணுல்ல.

ஹோரியா: மூணு தடவ கேப்பாங்களாம். மேற்குப் பக்கம் திரும்பி நிக்கணும். ‘சாத்தானை விட்டுவிடுகிறாயா?’ நான்தான் கொழந்தைக்காக ‘விட்டுவிடுகிறேன்’னு சொல்லணும்.

டிபி: சொல்லிட்டுத் துப்பவும் செய்யணும்.

ஹோரியா: எனக்குச் சொல்றதுல கஷ்டமில்லடா. நான் சொல்றப்ப பின்னால நிக்கறவங்கெல்லாம் சிரிப்பாங்களே... அதத்தான் நெனச்சுப் பாக்கறேன். பதினஞ்சு வருஷம் அவனச் சட்டையில சுமந்தேன். ஒரு தடவையாவது உதவினானா? கச்சேரி நடுவுல கரண்ட்டு போச்சு, வரல. டிரம் அடிக்கறவன் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஓடிப் போனான், வரல. இப்ப மட்டும் எங்கிருந்தோ வந்து என் பக்கத்துல நிக்கறான். எனக்குன்னு யாரும் இல்லடா. உனக்குத் தெரியும். அந்த ஞானஸ்நான மெழுகுவத்தி, பூவெல்லாம் கட்டி... வாங்கி ஒரு மாசமாச்சு. அலமாரியில நிக்குது. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா அதப் பாத்துட்டுத்தான் படுக்கறேன்.

டிபி: இந்த டிவிக்காரங்கள...

ஹோரியா: விடு.

டிபி: விட மாட்டேன். எல்லாத்துலயும் மோசம் அந்த ‘படையல்’. ‘கொப்பரையில என்ன?’ன்னு கேக்கறா அந்தப் பொண்ணு. நீ ‘படையல்’ங்கற. உன் கொரல்லயே! எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கானுங்க. எப்படித்தான் மனசு வருதோ. நான் மட்டும் அப்ப நெலவறையில ஜாடி எடுக்கப் போகாம பக்கத்துல இருந்திருந்தா...

ஹோரியா: ...ஆமா. வெட்டி ஒட்டியிருப்பானுங்க.

டிபி: கடுதாசியில மூணாவது பக்கம் முழுக்க அதான்.

ஹோரியா: போடாததும் நல்லதுதான்.

டிபி: என்னது?

ஹோரியா: கதவு தொறக்குது. எந்திரி. முடி கலைஞ்சிருக்கா?

சாமி: உள்ள சம்சாரம் வீடு கழுவறாங்க. இங்கேயே பேசிடலாம், உக்காருங்க. ஹோரியா, நீங்கதானே? டிவியில கொஞ்சம் உயரமா தெரிஞ்சீங்க.

ஹோரியா: கீழேர்ந்து படம் புடிச்சாங்க சாமி. நெலத்துல படுத்துக்கிட்டு.

சாமி: நீங்க டிபெரியு. கொழந்தையோட அப்பா. நீங்களும் வந்தீங்களே... நண்பர்.

டிபி: ஆமா சாமி. நண்பர்.

சாமி: நேராவே பேசறேன். நான் இந்தப் பங்குக்கு வந்து ஏழு மாசம்தான் ஆகுது. உங்க ரெண்டு பேரையும் விட வயசுல சின்னவன். பாட்டுக் கேக்கறதெல்லாம் எனக்குப் பெரிசில்ல. ஆனா பதினாலு பேரு என்கிட்ட வந்து புகார் சொல்லியிருக்காங்க. ஆயர் ஆபீசுலேர்ந்து போன் வேற. ‘அந்த ஆளா மேற்கப் பாத்து நின்னு சாத்தான விட்டுட்டேன்னு சொல்லப் போறான்’னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?

டிபி: அது முழுக்க ஜோடிச்சது சாமி. அது ஸகுஸ்கா...

சாமி: ஸகுஸ்கான்னு எனக்கும் தெரியும். சம்சாரம் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. நாலு தடவ ஓட்டிப் பாத்தேன். ஓரத்துல தக்காளிக் கூடை தெரியுது. வெங்காயம் கூட இருக்கு.

ஹோரியா: பாத்தியாடா... சாமிக்குத் தெரிஞ்சிருக்கு.

சாமி: என் கேள்வி அது இல்ல. ஸகுஸ்கா கிண்டற ஒருத்தரு அதப் ‘படையல்’னு எதுக்குச் சொல்லணும்?

டிபி: சொல்லவே இல்ல சாமி, வெட்டி ஒட்டி...

சாமி: வாய் அசையறது பொருந்துதே, டிபெரியு.

டிபி: ...ஹோரியா?

ஹோரியா: நான்தான் சொன்னேன்.

டிபி: என்னடா சொல்ற?

ஹோரியா: நான்தான் சொன்னேன்டா. ஒட்டவும் இல்ல, வெட்டவும் இல்ல. அந்தப் பொண்ணு மைக்க நீட்டி ‘இதுல என்ன கொதிக்குது?’ன்னுச்சு. நாடு முழுக்கப் பாக்கற பாட்டு டிவி. பதினஞ்சு வருஷமா காத்துக்கிட்டிருந்தோம், ஒரு தடவ நம்ம மூஞ்சி வராதான்னு. வந்துடுச்சு. இப்பப் போயி ‘குடமிளகா, கத்திரிக்கா, கொஞ்சம் பிரிஞ்சி இல... அடி புடிக்காம ஏழு மணி நேரமா கிண்டறேங்க’ன்னு சொல்றதா? வெக்கமா போச்சு. வாயில வந்துடுச்சு.

டிபி: மூணாவது பக்கம் முழுக்க எழுதினேனேடா நான்...

ஹோரியா: நீ படிச்சுக் காமிச்சப்ப எனக்கு மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

சாமி: அப்ப வீம்புக்குச் சொன்ன பொய்.

ஹோரியா: ஆமா சாமி. அவனக் கும்பிட்டிருந்தாக் கூட ஒரு மரியாத இருந்திருக்கும். இது வெறும் வீம்பு.

சாமி: ம்... சரி. விசுவாசப் பிரமாணம் தெரியுமா? அதச் சொல்லுங்க, கேக்கறேன். தெரிஞ்சவருன்னு நான் ஆயருக்குச் சொல்ல ஒரு ஆதாரம் வேணும்.

ஹோரியா: தெரியும் சாமி.

சாமி: சொல்லுங்க.

ஹோரியா: ஒரே கடவுளை விசுவசிக்கிறேன், எல்லாம் வல்ல பிதாவை...

சாமி: மூணு வரி சரியா வந்துச்சு. அப்புறம்?

ஹோரியா: அப்புறம்... அப்புறம் வந்து... ஒரு நிமிஷம் சாமி.

டிபி: மெட்டோட சொல்லுடா.

ஹோரியா: சும்மா இருடா.

சாமி: என்ன மெட்டு?

ஹோரியா: ஒண்ணுமில்ல சாமி. எனக்கு முழுசா தெரியும். சத்தியமா தெரியும். உங்க முன்னால நின்னாதான் வர மாட்டேங்குது. கொழந்த முன்னால ஒரு தடவ முழுசா பாடினேன், நிக்காம. அந்த டிவிக்காரங்க வந்த அன்னிக்குத்தான்.

சாமி: பாடினீங்களா? யாராவது பாத்தாங்களா?

ஹோரியா: கேமராவ அணச்சுட்டாங்க அதுக்குள்ள. எல்லாம் சாப்ட்டுட்டிருந்தாங்க. கொழந்த பாத்துச்சு.

சாமி: அது சாட்சி சொல்ல இன்னும் ரெண்டு வருஷம் ஆகும், ஹோரியா. எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அந்தப் பதினாலு பேரும் பாத்தது ஒண்ணே ஒண்ணு. கத்தியும் நெருப்பும் ‘படையலு’ம். அதுக்கு எதிரா காட்டறதுக்கு என் கையில ஒண்ணுமே இல்ல. நீங்க சொல்ற வார்த்த மட்டும்தான் இருக்கு... அதுவும் டிவியில பொய் சொன்ன அதே வாய். கொழந்தையோட மாமா ஒருத்தரு தயாரா இருக்காருன்னு சொன்னாங்க. காஸ்மின்.

ஹோரியா: புறாக்காரன்.

சாமி: என்ன?

ஹோரியா: ஒண்ணுமில்ல சாமி. நல்லவன்தான். கொழந்த பேரு மட்டும் ஒரு தடவ சொல்லிக் குடுத்துடுங்க. இலிங்கா... மெழுகுவத்திய நான் கொண்டாந்து குடுத்துடறேன். வாங்கினது வாங்கியாச்சு. டிபி, எந்திரி, போலாம்... டிபி? உன்னத்தான்டா. என்ன அப்படியே உக்காந்துட்ட?

டிபி: சாமி... உள்ள அந்த வீடியோப் பொட்டி இன்னும் ஓடுதில்ல?

சாமி: ஓடும். எதுக்கு?

ஹோரியா: இப்ப எதுக்குடா பையப் பிரிக்கற? ஜாடியக் குடுத்தா மட்டும் சாமி மனசு மாறிடுமா... என்னடா அது? கேசட்டா?

டிபி: கேமரா அணையல ஹோரியா. கேமராக்காரன் மடியில வெச்சு ரொட்டி தின்னுட்டிருந்தான், செவப்பு வெளக்கு எரிஞ்சுட்டே இருந்துச்சு. நீ மண்டையோட்டுச் சட்டையில, மிளகாக் கையோட, காலால வண்டிய ஆட்டிக்கிட்டு... அந்தப் பொண்ணு பாத்துட்டு மூக்க உறிஞ்சினா. இதத்தான் கடைசியில போடப் போறேன், நீங்க யாருன்னு இதுலதான் தெரியுதுன்னா. நான்தான் வேன் வரைக்கும் பின்னாடியே போயி, இதப் போட்டா எவன் இனிமே எங்களப் பாத்துப் பயப்படுவான்னு கெஞ்சி அந்த இடத்த வெட்ட வெச்சேன். அவ வெட்டினத ஒரு கேசட்டுல போட்டு எனக்கே அனுப்பி வெச்சா. மூணு வாரமா உன்கிட்ட காட்ட எடுத்துட்டு வர்றதும் திருப்பிக் கொண்டு போறதுமா இருக்கேன்டா... உள்ள வாங்க சாமி, போட்டுப் பாருங்க. ஒரு வரி விடல இவன்.